ஓடாத வாரம்

அக்டோபர் 6, திங்கள்

நேற்று சிங்கப்பூர்க் கிழக்குக் கடற்கரைப் பூங்காவில் 28 கிலோமீட்டர் ஓட்டம். மூன்று வாரமாக, வாரத்துக்கு 58, 63, 70 கிலோமீட்டர் என்று ஏறிக்கொண்டே வந்த கணக்கு அதோடு நின்றது. நான்காவது வாரம் ஓய்வு. வெள்ளி வரை ஷூவைத் தொடவே கூடாது என்று பயிற்சியாளர் சொல்லிவிட்டார். முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு கேட்டேன், உள்ளுக்குள் சந்தோஷம்தான்.

இன்று அலாரம் வைக்காமலே 4.45க்கு விழிப்பு. வெளியே கும்மிருட்டு. 1982 புத்தாண்டன்று சிங்கப்பூர்க் கடிகாரத்தை அரைமணி நேரம் முன்னால் தள்ளி வைத்தார்கள். அதனால் இங்கே ஏழு மணியை ஒட்டித்தான் சூரியன் தலைகாட்டும். ஓடுகிறவர்களுக்கு அது வரம், வெயில் ஏறுவதற்குள் வீடு திரும்பலாம். ஓடாதவள் அந்த இரண்டு மணி நேரத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது? துணி மடித்தேன்.

அக்டோபர் 7, செவ்வாய்

எட்டு மணி நேரம் தூங்கியும் அடித்துப்போட்டது போல இருக்கிறது. அலுவலகத்தில் மூன்று தே ஓ கோசோங் (பாலும் சர்க்கரையும் இல்லாத தேநீர்) குடித்தும் கொட்டாவி நிற்கவில்லை. மாலையில் மேம்பாலப் படி ஏறும்போது தொடை கனத்தது. ஞாயிற்றுக்கிழமை 28 கிலோமீட்டர் ஓடிய அதே தொடை!

அம்மா கதவைத் திறந்ததும் ஏற இறங்கப் பார்த்தார். “ஓடுற நாள்ல பறந்துகிட்டிருக்க. லீவு விட்டா மூணு புள்ள பெத்தவ மாதிரி நடக்குற.” நான் பெற்றது ஒன்றுதான்.

அக்டோபர் 8, புதன்

எடை 1.3 கிலோ கூடியிருக்கிறது.

தீபாவளிக்கு இன்னும் 12 நாள்தான். வீட்டில் முறுக்கு சுடும் வேலை தொடங்கிவிட்டது, ‘உப்பு சரியா பார்’ என்று கைக்கு வந்ததை வேண்டாம் என்று சொல்லவும் முடியவில்லை. ஆனாலும் பழி முழுக்க முறுக்கின் மேல் இல்லை. நீண்ட ஓட்டத்தில் தசைகள் தங்கள் சேமிப்பான கிளைக்கோஜனைக் கரைத்துவிடும். ஓய்வில், சாப்பிடுகிற சோற்றிலிருந்து அதை மறுபடி நிரப்பிக்கொள்ளும். ஒவ்வொரு கிராமும் தன்னோடு சுமார் மூன்று கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். 300 கிராம் நிரம்பினால் அதுவே ஒரு கிலோவுக்கு மேல் ஆகிறது. கொழுப்பு இல்லை, அடுத்த ஓட்டத்துக்கான கட்டுச்சோறு. தெரிந்தும் தராசை இரண்டு முறை நகர்த்தி வைத்து ஏறிப் பார்த்தேன். முறுக்கு எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு என்று அது பிரித்துச் சொல்லவில்லை.

அக்டோபர் 9, வியாழன்

எரிச்சல். மகனைக் காரணமே இல்லாமல் இரண்டு முறை அதட்டினேன். எழுத வேறொன்றும் இல்லை.

அக்டோபர் 10, வெள்ளி

மூன்று மாத உழைப்பும் கரைந்துபோய்விட்டது என்ற பயம் நேற்று ராத்திரி வந்து உட்கார்ந்துகொண்டது. தூக்கம் போனதால் தேடிப் படித்தேன். 1984இல் வெளிவந்த ஓர் ஆய்வு, கோயில் என்ற அமெரிக்க ஆய்வாளருடையது. (தமிழில் எழுதினால் அப்படித்தான் வருகிறது, நான் என்ன செய்ய?) நன்கு பயிற்சி பெற்ற ஏழு பேரை 84 நாள் பயிற்சியை நிறுத்தச் சொல்லிச் சோதித்திருக்கிறார்கள். உடம்பு பயன்படுத்தக்கூடிய ஆக்சிஜனின் உச்ச அளவு முதல் 21 நாளில் 7 விழுக்காடு குறைந்தது. 56 நாளில் 16 விழுக்காட்டுக்குப் போய், அதற்குமேல் இறங்கவில்லை.

21 நாளுக்கே 7 விழுக்காடு. நான் ஐந்து நாளுக்கு ஒப்பாரி வைக்கிறேன்.

அக்டோபர் 11, சனி

பிடோக் நீர்த்தேக்கத்தில் ஒரு சுற்று, 4.3 கிலோமீட்டர். படித்ததையெல்லாம் கால் படிக்கவில்லை போலிருக்கிறது. மரக்கட்டை. வழக்கமாக 143இல் நிற்கிற இதயத் துடிப்பு அதே வேகத்தில் 152க்குப் போனது. ராத்திரி பெய்த மழையின் புழுக்கம் ஒரு காரணம். இன்னொன்று இரத்தம். தொடர்ந்து ஓடுகிறவர்களுக்கு இரத்தத்தின் நீர்ப்பகுதி கூடுதலாக இருக்கும், ஓட்டம் நின்ற சில நாளிலேயே அது குறையத் தொடங்கிவிடும். ஒரு துடிப்புக்கு இதயம் தள்ளும் இரத்தம் குறைவதால் எண்ணிக்கையில் ஈடுகட்ட வேண்டியிருக்கிறது. மறுபடி ஓடினால் சீக்கிரம் திரும்பிவிடும். சீக்கிரம் வருவது சீக்கிரம் போகிறது என்று வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

மற்றபடி இந்த அசதி புதிதாக வந்தது இல்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. மூன்று வாரமாக உள்ளேயே இருந்திருக்கும். அதிகாலைப் பரபரப்பில் காதில் விழாதது, சும்மா உட்கார்ந்ததும் கேட்கிறது.

அக்டோபர் 12, ஞாயிறு

காலை ஆறு மணிக்குக் குழுவோடு 10 கிலோமீட்டர் ஓட வேண்டும். கண் விழித்தபோது மணி 8.10. அலாரத்தை நானே அணைத்திருக்கிறேன், நினைவே இல்லை. “வாயைத் திறந்துகிட்டுத் தூங்கின, எழுப்ப மனசு வரல” என்றார் அம்மா. நான்கைந்து மாதத்தில் ஒரு ஞாயிறுகூட இப்படித் தூங்கியதில்லை. பயிற்சியாளருக்குச் செய்தி அனுப்பினேன். கட்டைவிரல் படம் மட்டும் பதிலாக வந்தது.

சாயங்காலம் அம்மாவோடு தேக்கா கடைத்தெரு. சிராங்கூன் சாலை முழுக்க விளக்கு, நகர இடமில்லாத கூட்டம். ஒரு புடவைக்கு ஆறு கடை, அகல் விளக்குக்கு மூன்று கடை, பிறகு அதே முதல் கடைக்கே திரும்ப வந்தோம். கைக்கடிகாரம் 14,000 காலடி என்கிறது. கால் வலி 28 கிலோமீட்டரை மிஞ்சிவிட்டது.

இதைப் பயிற்சியாளரிடம் சொல்லவில்லை.