சராசரிக்குப் பின்னால் இருந்த சம்பள வித்தியாசம்

வயது, பாலினம், பதவிநிலை, மாதச் சம்பளம். ஒரு நிறுவன ஊழியர்களின் பெயர்கள் நீக்கப்பட்ட கோப்பில் இவ்வளவுதான் இருந்தது. ஆண்களுக்கும் பெண்களுக்கும் சம்பளத்தில் வித்தியாசம் இருக்கிறதா, இருந்தால் எங்கே என்று நான் பார்த்துச் சொல்ல வேண்டும்.

சராசரியை எடுத்து இரண்டு பட்டைகள் வரைவது எளிது. ஆனால் சம்பளத்தைப் பொறுத்தவரை சராசரியை நான் நம்புவதில்லை. ஒன்பது பேருக்கு 30,000, ஒருவருக்கு 3,00,000 என்றால் சராசரி 57,000. அந்தத் தொகையை வாங்குபவர் அங்கே ஒருவர்கூட இல்லை! எல்லாரையும் சம்பள வரிசையில் நிறுத்தினால் நடுவில் வரும் தொகையான இடைநிலை அளவு (median), 30,000 என்று சரியாகச் சொல்லிவிடும். அதனால் பாலினவாரியாக பாக்ஸ் பிளாட் வரைந்தேன். பெட்டியின் நடுக்கோடு இடைநிலை அளவு, பெட்டிக்குள் நடுப் பாதிப்பேர். பெண்களின் நடுக்கோடு தெளிவாகக் கீழே இருந்தது. ஏன் என்பதற்கு மட்டும் அந்தப் படத்தில் பதில் இல்லை.

அப்புறம் ஸ்காட்டர் பிளாட். கிடை அச்சில் வயது, செங்குத்து அச்சில் சம்பளம், ஆளுக்கொரு புள்ளி. வயது முழு எண்ணாக இருந்ததால் புள்ளிகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து தூண்களாக நின்றன. பக்கவாட்டில் கொஞ்சம் சிதறவிட்டு, நிறத்தையும் பாதி ஊடுருவும்படி மாற்றினேன். சம்பள அச்சை, சம இடைவெளிகள் சம மடங்குகளைக் காட்டும் மடக்கை அளவுக்கு (log scale) மாற்றியதும், அடியில் நெருங்கிக் கிடந்த கூட்டம் விரிந்தது. ஒரே சதவீத உயர்வு எந்த மட்டத்திலும் ஒரே உயரமாகத் தெரிவது இதில் பெரிய வசதி.

அதே படத்தைப் பதவிநிலைவாரியாகப் பிரித்ததும்தான் விஷயம் பிடிபட்டது. ஒவ்வொரு நிலைக்குள்ளும் ஆண், பெண் புள்ளிகள் ஏறக்குறைய கலந்தே இருந்தன. "அப்படியானால் வித்தியாசமே இல்லை" என்று பலர் இங்கே நிறுத்திவிடுவார்கள். நான் அதை ஏற்கவில்லை. ஒவ்வொரு நிலையிலும் எத்தனை பெண்கள் என்று எண்ணிக்கைப் பட்டைகளை வரைந்தேன். கீழ்நிலைகளில் கிட்டத்தட்ட பாதிக்குப் பாதி. மேலே போகப் போகப் பெண்களின் பட்டை சுருங்கிக்கொண்டே வந்தது. ஒரே பதவிக்கு ஒரே சம்பளம்தான். அந்தப் பதவிக்கு யார் போய்ச் சேருகிறார்கள் என்பதில்தான் வித்தியாசம். ஒரே பதவிநிலையில் இருப்பவர்களை மட்டும் ஒப்பிட்டுக் கணக்குப் போட்டால் இந்த வித்தியாசம் அப்படியே மறைந்துவிடும்.

அறிக்கை அனுப்புமுன் இன்னொரு வேலை இருந்தது. உயர்நிலையில் வயதான பெண்கள் மிகச் சிலரே. பெயர் இல்லாவிட்டாலும், தனியாக நிற்கும் புள்ளி யாருடையது என்று உடன் வேலை செய்பவர்களுக்குத் தெரிந்துவிடும். ஒருவருடைய சம்பளம் இப்படி வெளியே வரக்கூடாது. அந்த ஸ்காட்டர் பிளாட்டை நீக்கிவிட்டு, வயதைப் பத்தாண்டுப் பிரிவுகளாகச் சேர்த்து, ஐந்து பேருக்கும் குறைவான பிரிவுகளைக் காட்டாமல் விட்டேன்.

கூடவே ஒரு குறிப்பும் வைத்தேன். இது ஒரு நாளின் நிலவரம் மட்டுமே. இன்று ஐம்பதைத் தாண்டியவர்கள் சேர்ந்த காலத்தில் பெண்களை எடுத்ததே குறைவாக இருந்திருக்கலாம். இல்லை, சேர்ந்தவர்கள் நடுவில் பதவி உயர்வு கிடைக்காமல் நின்றிருக்கலாம். இரண்டுக்கும் இந்தப் படம் ஒரே மாதிரிதான் வரும். அதனால், சேர்ந்த தேதியும் பதவி உயர்வுத் தேதிகளும் வேண்டும் என்று கேட்டிருக்கிறேன்.