கூரை போட்ட தெருக்கள்: பொலோன்யாவில் ஐந்து நாள்

எங்கள் முதல் திட்டத்தில் பொலோன்யா இல்லவே இல்லை. மே மாதப் பள்ளி விடுமுறையில் இத்தாலியின் ஃபுளோரன்சுக்குப் போய் அங்கேயே ஐந்து இரவுகள் தங்குவது என்றுதான் பேசி வைத்திருந்தோம். ஐந்து பேர் தங்கும்படியான வீட்டுக்கு அந்த ஊரில் கேட்ட வாடகையைப் பார்த்ததும் மனம் மாறியது. வரைபடத்தில் சற்று வடக்கே, அதிவேக ரயிலில் நாற்பது நிமிடத்துக்குள் சென்றுவிடக்கூடிய தொலைவில் பொலோன்யா இருந்தது. அங்கே தங்கிக்கொண்டு ஒருநாள் ஃபுளோரன்சுக்குப் போய் வரலாம் என்று கணக்குப் போட்டோம். கடைசியில் அந்த ஒருநாள் பயணத்தையும் கைவிட்டுவிட்டோம் என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

நான், மனைவி, பதின்மூன்று வயது மகள், எட்டு வயது மகன், எழுபதைத் தொட்ட அம்மா என ஐந்து பேர். அம்மாவுக்கு இரண்டு முழங்கால்களிலும் தேய்மானம் உண்டு. இருநூறு அடி நடந்தால் ஓரிடத்தில் நின்று மூச்சு வாங்க வேண்டும்; வெயில் ஆகாது; மழையில் வழுக்கிவிடுமோ என்ற பயமும் உண்டு. போதாததற்கு, லிஃப்ட் இருக்கிறது என்று சொல்லி எங்களுக்கு வாடகைக்கு விடப்பட்ட வீட்டில், நாங்கள் போய் இறங்கிய அன்று லிஃப்ட் பழுதாகிக் கிடந்தது. பெட்டிகளை நான் ஏற்றி முடிப்பதற்குள், அம்மா ஒவ்வொரு படியாக ஐம்பத்து நான்கு படிகளையும் எண்ணியபடியே ஏறி வந்து, "இனிமேல் நான் கீழே இறங்கினால் ராத்திரிதான் திரும்பி வருவேன்" என்று அறிவித்துவிட்டார். இப்படிப்பட்ட ஒருவரைப் பகல் முழுவதும் வெளியே வைத்துக்கொள்ள இத்தாலியில் இதைவிடப் பொருத்தமான ஊர் கிடைத்திருக்காது என்பது அடுத்த நாள் காலையில் விளங்கியது.

பொலோன்யாவின் தெருக்களுக்குத் தாழ்வாரம் உண்டு. அவர்கள் அதைப் 'போர்த்திக்கோ' என்கிறார்கள். வீட்டின் மேல்மாடி தெருப்பக்கம் நீண்டு, தூண்களின்மேல் உட்கார்ந்திருக்கும்; அதன் அடியில் நடைபாதை ஓடும். ஒரு வீட்டின் தாழ்வாரம் முடியும் இடத்தில் அடுத்த வீட்டினுடையது தொடங்கிவிடுவதால், தெருவின் ஒரு முனையில் நுழைந்தால் மறுமுனையில்தான் வானத்தைப் பார்க்க முடியும். நகரம் முழுவதிலும் இவை 62 கிலோமீட்டர் நீளத்துக்கு இருக்கின்றன. 2021-இல் யுனெஸ்கோ இவற்றை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. எண்களைக் கேட்பது வேறு, அடியில் நடப்பது வேறு. தரை ஓரிடத்தில் வழவழப்பான சலவைக்கல், அடுத்த வாசலில் பொடிக்கல் பதித்த பழைய தளம், அதற்கடுத்த வாசலில் தேய்ந்த செங்கல் என்று மாறிக்கொண்டே போகும். காவியும் மஞ்சளும் செம்மண் நிறமுமாகச் சுவர்கள். மேலே விதானத்தில் எங்காவது மங்கிய ஓவியம்.

இதன் கதை மிகவும் நடைமுறையானது. இங்குள்ள பல்கலைக்கழகம் 1088-இல் தோன்றியதாகச் சொல்லப்படுகிறது, ஐரோப்பாவிலேயே பழையது. மாணவர்கள் திரண்டு வரவும் ஊரில் இடம் போதவில்லை. மேல்மாடியில் ஓர் அறையைத் தெருவை நோக்கி இழுத்துக் கட்டினார்கள். கனம் தாங்காமல் கீழே மரக்கால் கொடுத்தார்கள். வேறு ஊராக இருந்திருந்தால் ஆக்கிரமிப்பு என்று இடித்துத் தள்ளியிருப்பார்கள். இங்கே 1288-இல் நகர மன்றம் நேர்மாறாக ஒரு சட்டம் போட்டது: வீடு கட்டுகிறவர் தாழ்வாரத்தோடுதான் கட்ட வேண்டும். குதிரைமேல் ஒருவர் தலை இடிக்காமல் போகும்படி ஏழு அடி உயரம் இருக்க வேண்டும். அவர்கள் ஊர் அடி நம்முடையதைவிடப் பெரியது என்பதால் அது 2.66 மீட்டர் ஆகிறது. இடம் வீட்டுக்காரருடையது, பராமரிப்பும் அவருடைய செலவு. ஆனால் நடக்கும் உரிமை எல்லோருக்கும் உண்டு. 1568-இல் மரத்தூண்களுக்குப் பதிலாகச் செங்கல்லோ கருங்கல்லோ வைக்கும்படி ஆணை வந்தபோதும் ஒருசில மரத்தூண்கள் தப்பிவிட்டன. ஸ்த்ராதா மஜ்ஜோரே தெருவில் கசா இசோலானி என்ற வீட்டின் முன்னால், ஏறத்தாழ ஒன்பது மீட்டர் உயரமுள்ள ஓக் மரக் கால்களை இன்றும் தொட்டுப் பார்க்கலாம். மகன் அதைத் தட்டிப் பார்த்துவிட்டு, உள்ளே கரையான் இருக்கிறதா என்று கேட்டான்.

அம்மா மயிலாடுதுறைப் பக்கத்தில் திண்ணை வைத்த வீட்டில் வளர்ந்தவர். வழிப்போக்கர் யார் வேண்டுமானாலும் உட்கார்ந்து இளைப்பாறலாம், வீட்டுக்காரர் கேட்க மாட்டார் என்ற ஏற்பாடு அவருக்குப் புதிதல்ல. தார் மேல் தார் போட்டுச் சாலை உயர உயர, எங்கள் வீட்டுத் திண்ணை பள்ளத்துக்குள் போய், பிறகு கம்பிக் கதவு போட்டு அடைக்கப்பட்டு, இப்போது அங்கே இரண்டு ஸ்கூட்டர்கள் நிற்கின்றன. அதனாலோ என்னவோ, தூணடியில் இருந்த கல்மேடையில் உட்காரும்போதெல்லாம் அம்மா கையால் ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டுத்தான் உட்கார்ந்தார்.

இரண்டாம் நாள் நண்பகலில் சான் பெத்ரோனியோ பேராலயத்துக்குப் போனோம். 1390-இல் தொடங்கிய கட்டடம். முகப்பின் கீழ்ப்பாதி சலவைக்கல், மேற்பாதி வெறும் செங்கல், முடிக்காமலேயே விட்டுவிட்டார்கள். உள்ளே தரையில் 66.8 மீட்டர் நீளத்துக்கு ஓர் உலோகக் கோடு சாய்வாக ஓடுகிறது. 1655-இல் வானியலாளர் கசினி அமைத்தது. கூரையில், 27 மீட்டர் உயரத்தில், ஒரு சின்னத் துளை. உச்சி வேளையில் அதன் வழியாக விழும் சூரிய வட்டம் அந்தக் கோட்டைக் கடக்கும். கோட்டின் நீளம் பூமியின் சுற்றளவில் ஆறு லட்சத்தில் ஒரு பங்கு என்று மகள் படித்துச் சொன்னாள். மே மாதக் கடைசி, கோடைக்கால நேரம் வேறு. ஆகவே இங்கே உச்சி வேளை என்பது கடிகாரத்தில் ஒரு மணி பத்து நிமிடம் தாண்டித்தான். நிழலான தரையில் தட்டு அளவுக்கு ஒரு வெளிச்சம் கிடந்தது. அசைவதே தெரியவில்லை. மகன் தன் செருப்பு நுனியை அதன் விளிம்பில் வைத்து, வெளிச்சம் செருப்பின் மேல் ஏறுகிறதா என்று பார்த்துக்கொண்டு நின்றான். ஏறியது. பூமி சுற்றுகிறது என்பதை அவனுக்கு அதுவரை யாரும் இப்படிக் காட்டியதில்லை, எனக்கும்தான்.

பேராலயத்துக்குப் பின்னால், பல்கலைக்கழகம் 1563 முதல் 1803 வரை இயங்கிய ஆர்க்கிஜின்னாசியோ கட்டடத்தில் உடற்கூறு அரங்கைப் பார்த்தோம். நடுவில் சலவைக்கல் மேசை, சுற்றிலும் மரத்தாலான இருக்கைகள், ஆசிரியர் பீடத்தின் விதானத்தைத் தாங்கியபடி தோல் உரித்த இரண்டு மனித உருவங்கள். 1944 ஜனவரியில் குண்டு விழுந்து நொறுங்கியதை, இடிபாடுகளிலிருந்து பொறுக்கி எடுத்த துண்டுகளை வைத்தே மறுபடி கட்டியிருக்கிறார்கள். வெளியே சதுக்கத்தில், செத்த தவளையின் கால் மின்சாரத்தால் துடிப்பதை ஆராய்ந்த விஞ்ஞானி கால்வானிக்குச் சிலை இருக்கிறது. கையிலிருக்கும் பலகையில் கிடக்கும் தவளையை உற்றுப் பார்த்துக்கொண்டிருக்கிறார். நம் ஊர்க் கொத்தனார்களும் பிளம்பர்களும் நாள்தோறும் சொல்லும் 'ஜி.ஐ. பைப்'பில் வருகிற 'ஜி', அதாவது 'கால்வனைஸ்டு' என்ற சொல், இந்த மனிதரின் பெயரிலிருந்து வந்ததுதான் என்று சொன்னபோது, அதுவரை எதிலும் ஆர்வம் காட்டாமல் வந்த மகள் சிலையைப் படம் எடுத்தாள்.

இரட்டைக் கோபுரங்களில் ஏறுவதாக இருந்தோம். 48 மீட்டர் உயரமுள்ள கரிசெந்தா கோபுரத்தின் சாய்வு குறித்த கவலையால் 2023 அக்டோபரிலிருந்தே சுற்றிலும் வேலி போட்டு வைத்திருக்கிறார்கள். 97 மீட்டர் அசினெல்லியிலும் ஏற முடியாது. அம்மாவைத் தவிர எல்லோருக்கும் ஏமாற்றம். பியெல்லா தெருவில் ஒரு சின்ன ஜன்னலைத் திறந்தால் கால்வாய் தெரியும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். தெரிகிறது. அதற்கு இருபது நிமிடம் வரிசையில் நிற்க வேண்டுமா என்பது அவரவர் விருப்பம்.

பிள்ளைகளுக்கு அதைவிட நல்ல விளையாட்டு பெரிய சதுக்கத்தை ஒட்டியே கிடைத்தது. பொதெஸ்தா மாளிகையின் கீழ் நான்கு மூலைத் தூண்கள் தாங்கும் ஒரு வளைவு மண்டபம் இருக்கிறது. ஒரு மூலையில் சுவரைப் பார்த்து நின்று கிசுகிசுத்தால், குறுக்கே எதிர்மூலையில் நிற்பவருக்குக் காதோரம் கேட்கும். நடுவில் நிற்பவருக்கு ஒன்றும் கேட்காது. மகன் ஒரு மூலைக்கு ஓடினான், அம்மா எதிர்மூலையில் சுவரில் கை வைத்து நின்றார். திடீரென்று சிரித்தார். என்ன சொன்னான் என்று கேட்டதற்கு, "அது எனக்கும் அவனுக்கும்" என்று சொல்லிவிட்டார்.

சாப்பாட்டைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த ஊருக்குக் 'கொழுத்தவள்' என்றே ஒரு செல்லப்பெயர் உண்டு, எங்கள் அம்மாவோ முட்டைகூடத் தொடாத சைவம். உலகம் முழுவதும் இந்த ஊர்ப் பெயரில் விற்கும் ஸ்பகெட்டியை இங்கே யாரும் தம்முடையதாக ஒப்புக்கொள்வதில்லை. இறைச்சிக் குழம்புக்கு, பட்டையான நாடா போன்ற தாலியதெல்லே என்ற பாஸ்தாதான் துணை. வெந்த பிறகு அதன் அகலம் 8 மில்லிமீட்டர் இருக்க வேண்டும் என்று 1972-இல் வணிக அவையில் பதிவே செய்திருக்கிறார்கள். மாவை முட்டை சேர்த்துப் பிசைவதால் அது அம்மாவுக்கு ஆகாது. பார்மிஜானோ பாலாடைக்கட்டியில் கன்றின் வயிற்றிலிருந்து எடுக்கும் உறைபொருள் சேர்கிறது; ஆகவே அதுவும் ஆகாது. பொரித்த ரொட்டியான கிரெஷெந்தீனாவின் மாவில் பன்றிக்கொழுப்பு சேர்ப்பது வழக்கம். கேட்காமல் வாங்கக் கூடாது. சைவர்கள் இந்த மூன்றையும் மனத்தில் வைத்துக்கொண்டு போனால் சங்கடப்பட வேண்டியதில்லை. குவாத்ரிலாத்தெரோ சந்தைச் சந்துகளில் தக்காளியும் செர்ரிப் பழமும் பீன்சும் வாங்கி வந்து, மனைவியும் அம்மாவும் வீட்டு அடுப்பில் சோறும் ரசமும் வைத்தார்கள். நாங்கள் நால்வரும் வெளியே தின்றதை அம்மா ஒரு சொல் சொல்லவில்லை.

ஆனால் ஒரு கடை ஜன்னலை விட்டு அவர் நகரவே மறுத்தார். உள்ளே நடுவயதுப் பெண் ஒருவர் மாவு திரட்டிக்கொண்டிருந்தார். இவர்களை 'ஸ்ஃபோலீனா' என்கிறார்கள். கை நீளத்துக்குப் பூரிக்கட்டை. கைப்பிடி இல்லாத ஒரே உருளை. மஞ்சள் மாவு மேசை அகலத்துக்கு விரிந்து, விளிம்பில் வேட்டிபோலத் தொங்கியது. பிறகு அதைச் சின்னச் சதுரங்களாக வெட்டி, கடலைப்பருப்பு அளவுக்குப் பூரணம் வைத்து, முக்கோணமாக மடித்து, விரல் நுனியில் சுற்றி ஒட்டினார், ஒரு தொர்தெல்லீனி. அடுத்தது. அதற்கடுத்தது. சோமாசிக்கும் கொழுக்கட்டைக்கும் கை பழகியவர் அம்மா. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்றபடி, தன் விரலில் இல்லாத மாவை அவரும் மடித்துப் பார்த்தார். உள்ளேயிருந்தவர் அதைக் கவனித்துவிட்டு, வேகத்தைக் குறைத்து, ஒரு மடிப்பை மட்டும் மெதுவாகச் செய்து காட்டினார்.

நான்காம் நாள் சான் லூக்கா. நகரத்தின் சரகோசா வாயிலிலிருந்து குன்றின் உச்சியில் இருக்கும் மாதா கோயில் வரை, ஏறத்தாழ 3.8 கிலோமீட்டர், 666 வளைவுகள் கொண்ட ஒரே தாழ்வாரம். 1433-இல் விடாமல் பெய்த மழையில் பயிர் அழுகும் நிலை வந்தபோது, குன்றிலிருந்த மாதா படத்தை ஊருக்குள் எழுந்தருளச் செய்ததும் மழை நின்றது என்பது நம்பிக்கை. ஆண்டுதோறும் படம் ஊர்வலமாக இறங்கி வருகிறது. ஊர்வலம் நனையாமலிருக்க 1674-இல் இந்தத் தாழ்வாரத்தைக் கட்டத் தொடங்கினார்கள். வளைவுகளுக்குப் பணம் கொடுத்தவர்களின் பெயர்களை ஆங்காங்கே பொறித்திருக்கிறார்கள். கோயில் டியூப்லைட்டில் 'உபயம்' எழுதி வெளிச்சத்தையே மறைக்கிற ஊர்க்காரர்களான எங்களுக்கு அதைப் புரிந்துகொள்ள வழிகாட்டி தேவைப்படவில்லை. அம்மாவும் மனைவியும் சதுக்கத்திலிருந்து புறப்படும் சுற்றுலாச் சிறுரயிலில் ஏறிக்கொண்டார்கள். நாங்கள் மூவரும் மெலோன்செல்லோ வளைவிலிருந்து ஏறினோம். மகன் எண்ணத் தொடங்கி, நூற்றுச் சொச்சத்தில் தண்ணீர் குடித்தபோது கணக்கை விட்டான். உச்சியில் அம்மா எங்களுக்கு முன்பே வந்து, மாதா சன்னதியில் கைகூப்பிவிட்டு, கோயில் படியில் உட்கார்ந்து காற்று வாங்கிக்கொண்டிருந்தார்.

கிளம்பும் நாள் காலையில் நல்ல மழை. இந்திபெந்தென்சா தெருவில் தாழ்வாரத்துக்கு அடியிலேயே பெட்டிகளை உருட்டிக்கொண்டு வந்தோம். ரயில் நிலையத்தின் எதிரே திறந்த சாலையைக் கடந்த அந்த ஒரு நிமிடத்தில்தான் ஐந்து நாளில் முதன்முறையாக நனைந்தோம். நிலைய முகப்பின் கடிகாரம் 10:25 காட்டியது. மகன் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்து, அது ஓடவில்லை என்றான். 1980 ஆகஸ்ட் 2 காலையில் அந்த நேரத்தில்தான் இரண்டாம் வகுப்புக் காத்திருப்பு அறையில் வெடிகுண்டு வெடித்து 85 பேர் இறந்தார்கள். விடுமுறைக்குக் கிளம்பியவர்கள், குடும்பத்தோடு வந்தவர்கள். அந்த அறையின் சுவரில் வெடித்த பிளவை மூடாமல் வைத்திருக்கிறார்கள். பக்கத்தில் கல்லில் பெயர்களும், ஒவ்வொரு பெயருக்கும் நேரே வயதும் இருக்கின்றன. அம்மாவுக்கு அந்த எழுத்து தெரியும், மொழி தெரியாது. எண்களை மட்டும் மேலிருந்து கீழாகப் படித்துக்கொண்டு வந்தவர், 3 என்று இருந்த இடத்தில் நின்றுவிட்டார். எங்கள் ரயில் வந்துவிட்டதாக மகள் வந்து கூப்பிட்டாள்.