சிகாகோவின் கிராண்ட் பார்க்கிலிருந்து இப்போதுதான் வந்தேன்

2008 நவம்பர் 4 இரவு. தூக்கம் வரவில்லை. அதிபர் தேர்தலில் ஒபாமா ஜெயித்துவிட்டார்!

ஒஹாயோ மாநிலம் அவர் பக்கம் என்று பெரிய திரையில் வந்தபோதே நண்பன் கணக்குப் போட ஆரம்பித்துவிட்டான். ஜெயிக்கத் தேவை, மாநிலங்கள் தரும் தேர்வாளர் வாக்குகளில் 270. கலிபோர்னியாவுக்கு மட்டுமே 55. அங்கே வாக்குப்பதிவு முடிவதுதான் பாக்கி. சிகாகோ நேரம் இரவு 10 மணிக்கு அதுவும் முடிந்தது, உடனே சி.என்.என். அறிவித்தது. அப்புறம் யார் தெரிந்தவர், யார் தெரியாதவர் என்றெல்லாம் இல்லை. முன்பின் அறியாத ஒரு கறுப்பினப் பாட்டி என் இரு கைகளையும் பிடித்துக்கொண்டு அழுதார். அமெரிக்காவின் தெற்கு மாநிலங்களில் வளர்ந்தவராம். அவருடைய அப்பா கடைசிவரை ஓட்டே போட்டதில்லையாம், போட விடவில்லையாம். கறுப்பினத்தவரின் ஓட்டுரிமையைக் காக்கும் வாக்குரிமைச் சட்டம் வந்ததே 1965இல்தானே. நானும் சேர்ந்து அழுதேன்.

1968இல் வியட்நாம் போரை எதிர்த்துக் கூடிய இளைஞர்களைப் போலீஸ் அடித்து விரட்டியதும் இதே பூங்காவில்தான். இன்று அங்கே லட்சத்துக்கும் மேலானவர்கள் ஆடிக்கொண்டிருந்தார்கள். ஒபாமாவை எதிர்த்து நின்ற மெக்கெய்ன் தோல்வியை ஏற்றுப் பேசியதும் மிகக் கண்ணியமாக இருந்தது, அதைச் சொல்லியே ஆக வேண்டும்.

பொருளாதாரம் சரிந்து கிடக்கிறது, இராக்கிலும் ஆப்கானிஸ்தானிலும் இரண்டு போர்கள் நடக்கின்றன. தெரியும். ஆனாலும் இந்த நாட்டின் மேல் இன்று எனக்கு அவ்வளவு நம்பிக்கை.

விழித்திருப்பவர்கள் கூப்பிடுங்கள், பேசிக்கொண்டிருக்கலாம்.