இணைப்பை இறுக்குமுன் பாரத்தை நிறுக்க வேண்டும்

கனடாவில் வசிக்கும் அண்ணா, புதிதாக வாங்கிய பயண ட்ரெயிலரை (உள்ளே தங்கிப் பயணிக்கும் இழுவை வண்டியை) தனது பிக்கப்பில் மாட்டி இழுத்தபோது, வேகம் 80 கிலோமீற்றரைத் தாண்டியதும் அதன் பின்புறம் இடமும் வலமுமாக ஆடத் தொடங்கியதாகத் தொலைபேசியில் சொன்னார். பாரத்தைப் பகிர்ந்தளிக்கும் கொழுக்கியைப் பூட்டி, அதன் வில்கம்பிகளைத் தாங்கும் சங்கிலியைக் கண்ணி கண்ணியாக இறுக்கிய பின்னரும் ஆட்டம் நிற்கவில்லையாம். "தம்பி, இன்னும் ஒரு கண்ணி இறுக்கட்டோ?" என்று கேட்டார். வேண்டாம் என்று தடுத்தேன். இதே ஆட்டத்தை நிலாவெளி வீதியில் நான் பட்டுத் தெளிந்திருக்கிறேன்.

வடகீழ்ப் பருவக்காற்றுக்கு முன்னர் எங்கள் படகைத் திருத்துவதற்காகத் திருகோணமலை நகருக்கு இழுத்துச் சென்றேன். சாம்பல்தீவுப் பாலத்தை நெருங்கும்போது பக்கக்காற்று ஒருமுறை தள்ளியது; அடுத்த கணமே ட்ரெயிலர் வாகனத்தின் பின்புறத்தைப் பிடித்து உலுக்கியது. பிரேக்கை அழுத்தாமல், ஸ்டியரிங்கை நேராகப் பிடித்தபடி அக்சிலேற்றரிலிருந்து காலை எடுத்ததால்தான் தப்பினேன்.

வீட்டுக்கு வந்ததும் இரண்டு செங்கற்களின் மேல் ஆள் நிறுக்கும் தராசை வைத்து, வாகனத்தில் மாட்டும் அதே உயரத்துக்கு மரக்கட்டை ஒன்றை நிறுத்தி, ட்ரெயிலரின் மூக்கை, அதாவது வாகனத்தோடு பூட்டும் முன்முனையை, அதன்மேல் இறக்கினேன். முள் 22 கிலோவில் நின்றது. படகு, மோட்டர், வலை எல்லாம் சேர்ந்து ஏறத்தாழ 700 கிலோ. அதில் பத்தில் ஒரு பங்கு, குறைந்தது 70 கிலோவாவது மூக்கில் இருந்திருக்க வேண்டும்; மூக்கு இலேசாகிப் பின்பக்கம் பாரமானால் ட்ரெயிலர் ஆடும். 70 கிலோ மோட்டர் அச்சுக்கு 2 மீற்றர் பின்னால் தொங்கியது. அச்சிலிருந்து மூக்குக்கு 4 மீற்றர். அப்படியானால் அந்த மோட்டர் மட்டுமே மூக்கிலிருந்து 35 கிலோவைத் தூக்கிவிடுகிறது. மோட்டரைக் கழற்றி வாகனத்தில் ஏற்றி, பின்னால் குவிந்திருந்த 40 கிலோ ஈரவலையை 2 மீற்றர் அணியத்தை (படகின் முன்பக்கத்தை) நோக்கி நகர்த்தியதும் தராசு 77 கிலோ காட்டியது. அதன் பிறகு அதே பாலத்தில் அது ஆடவே இல்லை.

அண்ணாவின் கொழுக்கி செய்யும் வேலை வேறு. மூக்கின் பாரம் வாகனத்தின் பின்புறத்தை அமுக்கும்போது முன்சில்லுகள் இலேசாகி, ஸ்டியரிங் பிடிமானம் குறைந்து, இரவில் விளக்கு வெளிச்சம் மேல்நோக்கிப் போகும். வில்கம்பிகள் நெம்புகோலாக நின்று அந்தப் பாரத்தின் ஒரு பகுதியை முன்னச்சுக்கும் ட்ரெயிலரின் அச்சுக்கும் தள்ளுகின்றன. ஆனால் மூக்கிலே போதிய பாரம் இல்லாத இடத்தில், எத்தனை கண்ணி இறுக்கினாலும் அவை அதை உண்டாக்கித் தரமாட்டா. அளவுக்கு மீறி இறுக்கினால் வாகனத்தின் பின்சில்லுகள் இலேசாகி, ஈர வீதியில் வழுக்கும் ஆபத்து வேறு.

ஆகவே அண்ணாவை முதலில் நிறுக்கச் சொன்னேன். 2,400 கிலோ ட்ரெயிலருக்கு மூக்கில் 190 கிலோ, அதாவது 8 வீதம். பயண ட்ரெயிலருக்கு 10 முதல் 15 வீதம் வேண்டும். அச்சுக்குப் பின்னாலிருந்த தண்ணீர்த் தாங்கியில் 150 லீற்றர் நிறைந்திருந்தது. பின்பம்பரில் 40 கிலோவுக்குச் சைக்கிள்கள். தண்ணீரை வடித்து, சைக்கிள்களை வாகனத்துக்குள் ஏற்றியதும் மூக்கின் பாரம் 11 வீதமானது.

அதன் பின்னர்தான் கொழுக்கியைத் தொட்டோம். வாகனத்தின் முன்சில்லு வளைவுக்கும் நிலத்துக்கும் இடைப்பட்ட உயரத்தை, ட்ரெயிலர் மாட்டாதபோதும், மாட்டியபின் கம்பி பூட்டாமலும், பூட்டிய பிறகும் என மூன்று தடவை சமதரையில் அளக்கச் சொன்னேன். பழைய இறுக்கத்தில், வெறும் வாகனத்தின் உயரத்தைவிட ஒரு சென்ரிமீற்றர் கீழே அமுங்கியிருந்தது. அது அளவுக்கு மீறிய இறுக்கம் என்பதால் ஒரு கண்ணி தளர்த்தினார். உயரம் வெறும் வாகனத்தின் அளவுக்குச் சற்று மேலே வந்து நின்றது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அதே நெடுஞ்சாலையில் 90 இல் ஓட்டிப் பார்த்துவிட்டு, பெரிய லொறிகள் முந்திச் செல்லும்போதும் ட்ரெயிலர் நேராகவே வந்ததாகச் செய்தி அனுப்பினார்.