அம்மாவோட ஒரு நாள் காஞ்சிபுரம், அடுத்தது 2059ல

காஞ்சிபுரம் வரதராஜ பெருமாள் கோவில் குளத்துக்குள்ள இருந்து நாப்பது வருஷத்துக்கு ஒரு தடவ தான் வெளிய வருவாரு அத்திவரதர், 2019 ஜூலைல அவர் வந்தப்போ எங்க அம்மாவுக்கு முட்டி ஆபரேஷன் முடிஞ்சு அஞ்சு வாரம் தான் ஆகியிருந்துச்சு. வாக்கர் வச்சு பாத்ரூம் வரைக்கும் போயிட்டு வந்தாலே பெரிய விஷயம். டிவிய போட்டா எந்த சேனல்லயும் காஞ்சிபுரம் தான், அம்மா கட்டில்ல உக்காந்து பாத்துட்டே இருப்பாங்க, ஒரே ஒரு தடவ மட்டும் "கார்ல போனா முடியாதாடா"ன்னு கேட்டாங்க, நான் "அந்த கூட்டத்துல நல்லா இருக்கறவங்களே தவிக்கறாங்க, நீ வேறம்மா"ன்னு சொல்லிட்டு ஆபீஸ் கிளம்பிட்டேன். அவ்ளோ தான் பேச்சு. அதுக்கப்புறம் அவங்களும் கேக்கல. 48 நாள் முடிஞ்சு ஆகஸ்ட் 17ஓட அவர் திரும்ப குளத்துக்குள்ள போயிட்டாரு, ஒரு கோடி பேருக்கு மேல பாத்தாங்கன்னு நியூஸ்ல சொன்னாங்க, அந்த ஒரு கோடில எங்க அம்மா இல்ல.

இத்தன வருஷம் கழிச்சு போன மாசம் ஒரு புதன்கிழமை லீவு போட்டுட்டு அம்மாவ கூட்டிட்டு போனேன். கார் வேணாம்னுட்டாங்க, அவங்களுக்கு பஸ் தான் இஷ்டம், ஜன்னல் சீட்டு கிடைச்சா போதும். தாம்பரத்துல இருந்து படப்பை, ஒரகடம், வாலாஜாபாத் வழியா போற பஸ்ஸு. அம்மாவுக்கு பொறந்த ஊரு உத்திரமேரூர், அதனால காஞ்சிபுரம்னா அவங்களுக்கு கோவில் ஊருங்கறத விட "டவுன்", பாத்திரம் வாங்க, சினிமா பாக்க, கல்யாண புடவை எடுக்கன்னு எல்லாத்துக்கும் அங்க தான் வருவாங்களாம். வழி முழுக்க இங்க ஏரி இருந்துச்சு அங்க வயல் இருந்துச்சுன்னு சொல்லிட்டே வந்தாங்க. ஒரகடம் பக்கம் கார் கம்பெனிங்கள பாத்து கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல.

ஏழரைக்கு இறங்கின உடனே ஆட்டோக்காரர் ஒருத்தர் பிடிச்சிக்கிட்டாரு. ஒன்பது கோவில் பேக்கேஜ், மதியம் நடை சாத்தறதுக்குள்ள ஆறு, சாயங்காலம் மூணு, எல்லாம் கவர் பண்ணிடலாம் சார்னு விரல் விட்டு எண்ணி காட்டறாரு. அம்மா அவர நிமிந்து பாத்து "எதுக்குப்பா அவ்ளோ, நான் என்ன சாமிங்களுக்கு அட்டெண்டன்ஸ் எடுக்கவா வந்தேன்"னாங்க. அவருக்கே சிரிப்பு வந்துடுச்சு. கடைசில அஞ்சு, வெயிட்டிங்கோட ஒரு ரேட் பேசி ஏறினோம்.

முதல்ல காமாட்சி. புதன்கிழமைங்கறதால கூட்டம் கம்மி, வெள்ளிக்கிழமையா இருந்தா இப்டி நின்னு பாக்கவே முடியாது. அம்பாள் பத்மாசனத்துல, கைல கரும்பு வில்லு, மலர் அம்பு, முன்னாடி ஸ்ரீசக்கரம், அர்ச்சனை குங்குமம் எல்லாம் அந்த சக்கரத்துக்கு தான் நடக்குது. இந்த ஊர் சிவன் கோவில்கள்ல அம்பாளுக்குன்னு தனி மூலவர் சன்னதி கிடையாது, எல்லாருக்கும் சேத்து காமாட்சி ஒருத்தி தான்னு கேள்விப்பட்டிருப்பீங்க. அம்மா இத சொல்ற விதம் வேற, "அத்தன வீட்டுக்கும் ஒரே மருமக, பாவம் எவ்ளோ வேல இருக்கும்"னாங்க.

குங்குமம் வாங்கிட்டு நான் பாட்டுக்கு வெளிய நடந்துட்டேன், அம்மா கைய பிடிச்சு இழுத்து நிறுத்தினாங்க. பக்கத்துலயே அரூபலட்சுமி இருக்காங்க, காமாட்சிகிட்ட வாங்கின குங்குமத்த அவங்க மேல வச்சுட்டு அதுல இருந்து எடுத்து இட்டுக்கணும், சாபத்தால அழகு போன லட்சுமிக்கு இங்க தான் திரும்ப அழகு வந்துச்சுன்னு ஐதீகம். அதோட கள்வர் பெருமாளும் அங்கயே தான் இருக்காரு, திருக்கள்வனூர்னு, ஆழ்வார்கள் பாடின 108 திவ்ய தேசத்துல ஒண்ணு. அம்மன் கோவிலுக்குள்ள ஒரு திவ்ய தேசம்! பேருக்கு ஏத்த மாதிரி ஒளிஞ்சு நிக்கறாரு, நான் இதுக்கு முன்னாடி மூணு தடவ வந்திருக்கேன், மூணு தடவயும் அவர தாண்டி போயிருக்கேன்.

அங்கருந்து கிட்டக்க தான் உலகளந்த பெருமாள். உள்ள இருட்டு, முதல்ல ஒண்ணுமே தெரியல, ஏதோ பெரிய கருப்பு சுவர் மாதிரி தான் இருக்கு. பட்டர் நீளமான கம்பு நுனில தீபத்த வச்சு மெதுவா மேல தூக்கறாரு. முதல்ல மகாபலி தலை மேல இருக்கற பாதம், அப்புறம் இடுப்பு, குறுக்க தூக்கின இன்னொரு கால், அப்டியே மேல போனா முகம், கழுத்து வலிக்கற அளவுக்கு அண்ணாந்து பாக்கணும், 35 அடி உயரம். ஒரு கைல ரெண்டு விரல நீட்டி ரெண்டு அடி அளந்தாச்சுன்னு காட்டறாரு, இன்னொரு கைல ஒரு விரல், மூணாவது எங்கன்னு கேக்கற மாதிரி. தீபம் கீழ இறங்கின உடனே திரும்ப இருட்டு. அம்மா "இன்னொரு தடவ காட்டுவீங்களா சாமி"ன்னு கேட்டாங்க, அவரும் முகம் சுளிக்காம திரும்ப தூக்கி காட்டினாரு. அந்த ஒரு கோவில் வளாகத்துக்குள்ளயே ஊரகம், நீரகம், காரகம், கார்வானம்னு நாலு திவ்ய தேசம் இருக்கு. ஆட்டோக்காரர் கணக்குல அது ஒரு கோவில் தான், அம்மா கணக்குல நாலு.

ஏகாம்பரேஸ்வரர் கோவில பத்தி எழுதணும்னா தனியா தான் எழுதணும். கிருஷ்ணதேவராயர் 1509ல கட்டின ராஜகோபுரம், பிரகாரம் முழுக்க வரிசையா லிங்கம், மாவடி. மூலவர் மண்ணால ஆன பிருத்வி லிங்கம், கம்பை ஆத்துல வெள்ளம் வந்தப்போ எங்க கரைஞ்சிடுமோன்னு அம்பாள் கட்டிப்பிடிச்சிக்கிட்டாங்க, அதனால தழுவக் குழைந்த நாதர். லிங்கத்துக்கு தண்ணி அபிஷேகமே கிடையாது, புனுகு சாத்தறது தான். மனைவி சங்கிலியார்கிட்ட குடுத்த வாக்க மீறி ரெண்டு கண்ணும் போன சுந்தரருக்கு இடது கண்ணு இங்க தான் கிடைச்சுது, வலது கண்ணுக்கு திருவாரூர் வரைக்கும் போக வேண்டியிருந்துச்சு. சிவபெருமான் கூட இன்ஸ்டால்மெண்ட்ல தான் குடுத்திருக்காருன்னு நான் சொன்னேன், அம்மா முறைச்சாங்க. அந்த பிரகாரம் ரொம்ப நீளம், அம்மா பாதி சுத்தினதும் ஒரு தூண்ல சாஞ்சு உக்காந்துட்டாங்க, நான் மீதிய சுத்திட்டு வந்து பாத்தா பக்கத்துல உக்காந்திருந்த வேலூர்க்கார அம்மாகிட்ட ரெண்டு பேத்திங்க கதையும் சொல்லி முடிச்சிருந்தாங்க.

நடுவுல ஒரு கோவில்ல (பேர் வேணாம்) ஒருத்தர் ஸ்பெஷலா கிட்ட நின்னு பாக்கலாம்னு கூட்டிட்டு போயி, ரெண்டு நிமிஷம் மந்திரம் சொல்லிட்டு ஐநூறு கேட்டாரு. ரசீது உண்டான்னு கேட்டேன், காதுல விழாத மாதிரி விபூதிய மடிச்சாரு. அம்மா முந்தானைல முடிஞ்சு வச்சிருந்த அம்பது ரூபாய எடுத்து தட்டுல போட்டுட்டு "நல்லா இருப்பா"ன்னு சொல்லிட்டு நடைய கட்டிட்டாங்க. எனக்கு தான் அரை மணி நேரம் வயித்தெரிச்சல்.

பதினோரு மணிக்கு கைலாசநாதர். ஊர விட்டு கொஞ்சம் மேற்கால தள்ளி, எட்டாம் நூற்றாண்டு தொடக்கத்துல ராஜசிம்ம பல்லவன் கட்டினது. நந்தி கோவிலுக்குள்ள இல்ல, வெளிய புல்வெளில தனியா ஒரு மேடைல உக்காந்திருக்கு. மணற்கல்லுங்கறதால நிறைய சிற்பம் தேஞ்சு போச்சு, சிங்கத்துக்கெல்லாம் மூக்கு மழுங்கி பூனை மாதிரி ஆயிடுச்சு, இருந்தாலும் அந்த வெயில்ல கல்லு தேன் கலர்ல இருந்தத பாக்கணும். சுத்தி மதில ஒட்டி 58 குட்டி குட்டி சன்னதிங்க, சிலதுல சுண்ணாம்பு பூச்சு மேல பழைய ஓவியம் துண்டு துண்டா ஒட்டிட்டு இருக்கு, ஒண்ணுல ஒரு முகத்தோட பாதி மட்டும், ஒரு கண்ணு, செங்காவி கோடு கலையாம அப்டியே. ஆயிரத்து முந்நூறு வருஷம்!

உள்ள பதினாறு பட்டை லிங்கம். கர்ப்பகிரகத்த சுத்தி வர ஒரு ஒடுக்கமான வழி இருக்கு, தவழ்ந்து உள்ள போயி, நிமிந்து இருட்டுல சுத்தி, அந்தப்பக்கம் திரும்பவும் தவழ்ந்து வெளிய வரணும், அப்டி வந்தா மறுபிறவி கிடையாதுன்னு சொல்வாங்க. அம்மாவால முட்டிய மடக்க முடியாது. "நீ போயிட்டு வா, எனக்கும் சேத்து"ன்னு என் செல்போன், பர்ஸ், கண்ணாடி எல்லாத்தையும் வாங்கி மடில வச்சுக்கிட்டாங்க. எனக்கு வயிறு வேற கொஞ்சம் முன்ன வந்துடுச்சு, உள்ள நுழையறப்போ கூட ஒண்ணும் தெரியல, வெளிய வரப்போ தோள் ஒரு பக்கம் மாட்டிக்கிச்சு. கல்லு ஜில்லுனு, வவ்வால் நாத்தம், பின்னாடி இன்னொருத்தர் "சார் சீக்கிரம்"ங்கறாரு, நான் ஒரு கைய முன்னாடி நீட்டி சட்டை பட்டன் ஒண்ணு தெறிச்சு எப்டியோ தலை வெளிய வந்துச்சு. எதிர்ல அம்மா. "உன்ன பெத்தப்பவும் இதே மாதிரி தான், தோள் மாட்டிக்கிச்சு"ன்னாங்க. அங்க நின்ன நாலஞ்சு பேரும் சிரிச்சிட்டாங்க.

மதியம் நடை சாத்தியாச்சு, மெஸ்ல சாப்டுட்டு நாலு மணி வரைக்கும் என்ன பண்றது. ஆட்டோக்காரர் நேரா ஒரு பட்டுப்புடவை கடை வாசல்ல கொண்டு போயி நிறுத்திட்டாரு, "சும்மா பாருங்கம்மா, தறியே காட்டுவாங்க". கமிஷன்னு எனக்கும் தெரியும் அவருக்கும் தெரியும். அம்மா உள்ள போயி ஒரு புடவைய பிரிச்சு கரை சேர்ற இடத்த விரலால தடவி பாத்தாங்க, "இது கோர்வை இல்லையேப்பா"ன்னாங்க. கடைப்பையன் முழிக்கறான். உடம்பு ஒரு கலரு கரை ஒரு கலரு ரெண்டையும் நெய்யும்போதே ஒண்ணோட ஒண்ணு கோத்து நெய்யறது தான் கோர்வை, அதுக்கு தறில கூட ஒரு ஆள் வேணும், கூலி ஜாஸ்தி. அரை மணி நேரம் ஃபேன் காத்து வாங்கிட்டு ஒரு ரவிக்கை துணி மட்டும் எடுத்துட்டு வெளிய வந்தோம். ஆட்டோக்காரர் முகம் வாடிப்போச்சு.

நாலு மணிக்கு மேல யதோத்தகாரி. வழக்கமான டூர் லிஸ்ட்ல இந்த கோவில் வராது, அம்மா கேட்டதால போனோம். சொன்ன வண்ணம் செய்த பெருமாள். திருமழிசை ஆழ்வாரோட சிஷ்யன் கணிகண்ணன ராஜா ஊர விட்டு போக சொல்லிட்டான், சிஷ்யன் போனா நானும் போறேன்னு ஆழ்வார் கிளம்பினாரு, கிளம்பறப்போ பெருமாள பாத்து நீ மட்டும் எதுக்கு இங்க படுத்திருக்க, பாயச் சுருட்டிக்கிட்டு கிளம்புன்னாரு, அவரும் ஆதிசேஷன சுருட்டி எடுத்துட்டு பின்னாடியே போயிட்டாரு. ஒரு ராத்திரி தங்கின இடம் தான் இப்போ ஓரிக்கை. ராஜா கால்ல விழுந்து கூப்ட்டதும் திரும்ப வந்து படுத்தாரு, போனதுக்கு அடையாளமா வழக்கத்துக்கு மாறா தலைய அந்தப்பக்கம் மாத்தி படுத்திருக்காரு. கோவில்ல எங்கள தவிர ரெண்டே பேர். அம்மா ரொம்ப நேரம் அங்க நின்னாங்க. "கூப்ட்டா வர்ற சாமி இவரு"ன்னு மட்டும் சொன்னாங்க, எனக்கு 2019 ஞாபகம் வந்து நான் செருப்ப தேடற மாதிரி வெளிய வந்துட்டேன்.

கடைசியா வரதராஜ பெருமாள் கோவில். அத்திகிரி மேல ஏற 24 படி, காயத்ரி மந்திரத்துக்கு 24 எழுத்துன்னு கணக்கு சொல்வாங்க, அம்மா ஒவ்வொரு படிக்கும் நின்னு, சுவர பிடிச்சு, ரெண்டு காலையும் ஒரே படில வச்சு அப்புறம் அடுத்தது. பின்னாடி வந்தவங்க எல்லாம் ஒதுங்கி போனாங்க, யாரும் ஒண்ணும் சொல்லல. மேல போயி வரதர பாத்ததும் அம்மா கை கூப்பல, கன்னத்துல போட்டுக்கல, கைய தொங்கப்போட்டுட்டு சும்மா பாத்துட்டு நின்னாங்க. அப்புறம் தங்க பல்லி வெள்ளி பல்லி, தொட்டாச்சு.

பிரசாத ஸ்டால்ல கோவில் இட்லி. மூங்கில் குடலைல மந்தாரை இலை போட்டு நீளமா வேக வச்சு துண்டு துண்டா வெட்டி குடுப்பாங்க, மிளகு ஒண்ணு ரெண்டா உடைச்சது பல்லுல கடிபடும், சீரகம், சுக்கு, நெய் வாசனை. இதுக்கு சட்னி கேக்கறவங்கள நான் மதிக்க மாட்டேன்.

இட்லிய எடுத்துட்டு அனந்தசரஸ் குளத்து படிக்கட்டுல வந்து உக்காந்தோம், அதாவது நான் படில, அம்மா பக்கத்துல இருந்த திண்ணைல. நடுவுல மண்டபம், அங்க தண்ணிக்கு அடில தான் அத்திவரதர் படுத்திருக்காரு. இருட்டற நேரம், தண்ணி பச்சையா அசையாம கிடக்கு. 1979ல அம்மாவுக்கு 19 வயசு, தாத்தா உத்திரமேரூர்ல இருந்து கட்டுசோறோட எல்லாரையும் பஸ்ல கூட்டிட்டு வந்தாராம். "அப்ப சாமிய ஒழுங்கா பாக்கவே இல்லடா, புது செருப்பு தொலஞ்சிடுமோன்னு அதே நெனப்பு. சரி, அடுத்த தடவ பாத்துக்கலாம்னு இருந்தேன்."

நான் ஒண்ணும் சொல்லல. இட்லிய பிட்டு வாய்ல போட்டுக்கிட்டேன்.

"இனிமே எப்போ?"

"2059ம்மா."

"எனக்கு 99." விரல மடக்கி ஏதோ கணக்கு போட்டாங்க. "உனக்கு?"

"72."

என் கால ஒரு தடவ பாத்தாங்க. "இப்பலேந்தே முட்டிய பாத்துக்கோ."