மேலே கறை இல்லை

"மேலே கறை இல்லை சேர்." நான் சொன்னது அவ்வளவுதான். பொய் இல்லை. டோர்ச் அடித்து, தலையைக் குனிந்து, நல்லாகப் பார்த்துவிட்டுத்தான் சொன்னேன்.

பாய்மரத்தை இழுத்துப் பிடிக்கிற கம்பிகள் வந்து முடியும் தகடுகளைப் பற்றிய பேச்சு அது. பக்கத்துக்கு மூன்றாக ஆறு செயின் பிளேட். 1979இல் கட்டிய படகு, தகடுகளும் அன்றைக்குப் போட்டவைதான். சோழகம் என்கிற தென்மேற்குக் காற்று கிளம்பி மேற்குக் கடல் புரளத் தொடங்கியதும் கரையேற்றினோம். வாடைக்கு முன் இறக்கவேண்டும். அடி சுரண்டியது, துத்தநாகக் கட்டி மாற்றியது, மழை விட்ட மணித்தியாலங்களில் பெயின்ட் அடித்தது எல்லாம் எல்லா வருசமும் செய்கிற வேலை.

இடப்பக்கத் தகடுகள் மூன்றையும், வலப்பக்கத்தில் முன்னால் இருந்த ஒன்றையும் கழற்றினோம். பிளேன்டீ ஊற்றிவிட்டதுபோல படகின் மேல்தளமான டெக்கில் துருக்கறை வடிந்திருந்த தகடு, துடைத்ததும் பளிச்சென்று இருந்தது. கறையே இல்லாத இடப்பக்க நடுத் தகட்டில்தான் வினை. வெடிப்பைக் காட்டும் சிவப்புச் சாயம் பூசி, பத்து நிமிசம் விட்டு, துடைத்து, மேலே வெள்ளை ஸ்பிரே அடித்தோம். முதலில் ஒன்றுமில்லை. பிறகு டெக்குக்குள் புதைந்து கிடந்த இடத்தில் தலைமயிர் அளவில் ஒரு சிவப்புக் கோடு மெல்ல ஊறி வந்தது. தகட்டின் பாதி அகலத்துக்கு.

துருப்பிடிக்காத இரும்பென்று பேர்தான். காற்றுப் பட்டால்தான் அதன் மேலுள்ள குரோமியப் படலம் தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும். தண்ணீர் புகாமல் அடைக்கிற சீலன்ட் வெடித்து, டெக்குத் துவாரத்துக்குள் உப்புத்தண்ணீர் தேங்கி, காற்றில்லாமல் கிடந்தால் வெளியே தெரியாமலே உள்ளே அரிக்கும். என்னோடு வேலை செய்கிற பேசாலைப் பொடியனுக்கு இதை விளக்கியதே நான்தான்.

மிச்சம் இரண்டும் வலப்பக்கம், தேக்கு அலுமாரிக்குப் பின்னால். வெடித்த தகட்டின் நேர் சோடியும் அதற்குள்தான். அலுமாரியை அறுக்காமல் நட்டில் சாவி வைக்க ஏலாது.

"அண்ணை, மற்ற ரெண்டையும் பார்க்கேல்லையே?"

"எல்லாம் ஒரே நாளில, ஒரே இரும்பில போட்டது தம்பி."

"அதுக்குத்தானே கேக்கிறன்."

சிரித்துவிட்டு அவனைச் சாமான் வாங்க அனுப்பினேன். சரியான கேள்வி. நான் சொன்ன காரணமே எனக்கு எதிரான காரணம் என்பது அவன் கேற்றைத் தாண்டுவதற்குள் விளங்கிவிட்டது.

அன்று பின்னேரம் சொந்தக்காரர் வந்தார். வெள்ளவத்தைக்காரர், வைத்தியராக இருந்து ஓய்வுபெற்றவர். அலுமாரிக் கதவைத் திறந்து மூடி, திறந்து மூடிப் பார்த்தார். "உடைக்காமல் ஏலாதா?" "ஏலாது சேர்." தச்சுப் பாசுக்கு எத்தனை நாள் என்று கேட்டார். சொன்னேன். கிரேனுக்குச் சொல்லியாயிற்று என்பதையும் சொன்னேன், அவர் கேட்காமலே. கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார்.

"நீர் என்ன நினைக்கிறீர்?"

அப்போதுதான் அந்த வசனம் வந்தது. அவர் கேட்டது என் நினைப்பை. நான் கொடுத்தது என் கண் கண்டதை. இரண்டுக்கும் நடுவில் சிவப்புக் கோடு போட்ட ஒரு தகடு வேலைமேசையில் கிடந்தது. அதையும் அவருக்குக் காட்டினேன்தான். காட்டாமல் விடவில்லை. ஆனால் கறைக்கும் வெடிப்புக்கும் சம்பந்தமில்லை என்று காலையில் பொடியனுக்குச் சொன்னதை அவருக்குச் சொல்லவில்லை.

படித்த மனுசன், காசு அவருடையது, முடிவும் அவருடையது என்று பல தடவை எனக்கே சொல்லிப் பார்த்திருக்கிறேன். யார்டில் அந்த இடத்துக்கு இன்னொரு படகு காத்து நின்றது. நோயாளி விசயத்தில் இவர் இப்படி ஒரு பதிலை விட்டிருப்பாரா என்றும் நினைப்பேன். உடனே, அதை அவரே யோசித்திருக்கலாமே என்று கோபம் வரும். வேலைப் புத்தகத்தில் 'வலப்பக்கம் இரண்டு பார்க்கப்படவில்லை' என்று எழுதி வைத்தேன். அது அவருக்காக எழுதியது என்றால் வாயால் சொல்லியிருப்பேன்.

ஒன்றும் நடக்கவில்லை. அதையும் சொல்லவேண்டும். இடப்பக்கம் மூன்றுக்கும் புதுத் தகடு போட்டோம், 316 என்ற ரகத் துருப்பிடிக்காத இரும்பு. படகு காலிக்குப் போய் வந்தது. திரும்பும்போது எடுத்த படமொன்றை வட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார். வாடை வலப்பக்கமாக அடிக்க, படகு இடப்பக்கம் சாய்ந்து ஓடுகிறது. வலப்பக்கக் கம்பிகள் மூன்றும் விறைத்து நிற்கின்றன. நல்ல படம். நான் அதை விரலால் பெரிதாக்கி நடுத் தகட்டைத்தான் பார்த்தேன். கறை இல்லை.

போன கிழமை அழைத்தார். மே மாதம் தூக்குவோம், இந்த முறை அடிப் பெயின்ட் மட்டும் போதும் என்றார்.

"சரி சேர்" என்றேன்.