பேக்கரிப் படிப்புக்கு ஓர் எண்

மலேசியாவின் பட்டர்வொர்த்தில் ஒரு தனியார் கல்லூரியின் பதிவுப் பிரிவில் வேலை செய்கிறேன். எங்கள் பேக்கரி டிப்ளோமாவுக்கு அங்கீகாரம் கேட்டு, மலேசியத் தகுதி முகமையான எம்.கியூ.ஏ.வுக்கு அனுப்ப வேண்டிய ஆவணங்கள் என் கைக்கு வந்தன. மற்றதெல்லாம் சுலபமாக முடிந்தது. ஒரே ஒரு கட்டத்தில்தான் மூன்று வாரம் மாட்டிக்கொண்டேன்: என்.இ.சி. எண், அதாவது தேசியக் கல்விக் குறியீடு.

கல்லூரி விளம்பரத் தாள்களில் படிப்பின் பெயருக்குக் கீழே பொடி எழுத்தில் ஓர் எண் இருக்கும், பார்த்திருப்பீர்கள். அதில் நான்கு இலக்கம் வருவது துறை. அதையடுத்து வரும் ஒற்றை இலக்கம் தகுதி நிலை. டிப்ளோமா 4, இளங்கலைப் பட்டம் 6. இந்தக் குறியீட்டின் 2010 பட்டியலில் துறைக்கு மூன்று இலக்கம்தான். 2020 பட்டியல் யுனெஸ்கோவின் 2013 துறைப் பிரிவுகளைத் தழுவியதால் நான்காகிவிட்டது.

பழைய கோப்பில் 811 என்று இருந்தது. ஹோட்டல், உணவகம் சார்ந்த துறை. நானும் யோசிக்காமல் அதற்கு நிகரான 1013-ஐ எழுதிவிட்டேன். கோப்பைப் பார்த்த பேக்கரிப் பயிற்றுநர் அண்ணன், “ஏம்மா, நம்ம பிள்ளைங்க ரொட்டி சுடுறாங்களா, ரூம் சாவி கொடுக்கிறாங்களா?” என்று கேட்டார். அவர் குரலில் வருத்தம் தெரிந்தது.

அப்புறம்தான் பட்டியலை ஒழுங்காகப் படித்தேன். உணவகச் சமையல் 1013-இல் வருகிறது. ரொட்டி, கேக், மிட்டாய் செய்வது 0721, உணவுப் பதப்படுத்தல். 10 என்று தொடங்கினால் சேவை. 07 என்று தொடங்கினால் பொறியியலும் உற்பத்தியும். எந்த வளாகத்தில், எந்தப் பிரிவின் கீழ் நடத்துகிறோம் என்பதற்கு அங்கே இடமே இல்லை. பாடத்தில் பாதிக்கு மேல் எதைப் பற்றியதோ, அதுதான் துறை.

சரி, எண்ணிவிடலாம் என்று உட்கார்ந்தேன். மொத்தம் 90 கிரெடிட். ஒரு கிரெடிட்டுக்கு மாணவர் 40 மணி நேரம் உழைக்க வேண்டும் என்பது கணக்கு. மஞ்சள் பேனாவால் பேக்கரிப் பாடங்களைக் கோடிட்டேன்: மாவு, நொதித்தல், கேக், உணவுச் சுகாதாரம், எல்லாம் சேர்த்து 42. பாதியைத் தொடவில்லை. மீதியில் ஹோட்டல் சேவை, கணக்கு, பொதுப்பாடங்கள் போக, 10 கிரெடிட் தொழிற்பயிற்சி. அது ஹோட்டலில் நடப்பதால் நான் ஹோட்டல் பக்கமே வைத்திருந்தேன்.

அண்ணனிடம் மறுபடி போனேன். ஒரு மாணவியின் தொழிற்பயிற்சிக் குறிப்பேட்டை எடுத்து விரித்தார். ஓரமெல்லாம் மாவுக்கறை. நாள்தோறும் விடியற்காலை 4 மணிக்கு மாவு பிசைந்தது, ஓவனில் ஏற்றியது, எடை போட்டது. அந்த மாணவி வரவேற்பு மேசைப் பக்கம் போனதாக ஒரு வரிகூட இல்லை. 42 அப்போதே 52 ஆனது. 0721 என்று எழுதினேன், நான்கைந்து குறிப்பேடுகளின் நகலையும் சேர்த்தேன்.

ஓர் எண்ணுக்கு இத்தனை பாடா என்று சக ஊழியர்கள் கேட்டார்கள். எனக்கு இது பெரிய விஷயம். பேக்கரியில் எஸ்.கே.எம். (மலேசியத் திறன் சான்றிதழ்) மூன்றாம் நிலை முடித்த பிள்ளைகள் டிப்ளோமாவுக்கு வரும்போது ‘தொடர்புடைய துறையா?’ என்று கேட்கிறோம். கைத்தொழிலாகக் கற்றாலும் பல்கலைக்கழகத்தில் உணவுத் தொழில்நுட்பமாகக் கற்றாலும் துறை எண் 0721-தான். நிலை மட்டும்தான் வேறு. அடுத்த சேர்க்கையில் மாக் மண்டினிலிருந்து ஒரு பையன் எஸ்.கே.எம். சான்றிதழோடு வந்தான். அந்தக் கேள்விக்கு நேரே ‘ஆம்’ என்று நானே குறித்தேன்.